யோசெமிட்டியில் அப்பா அம்மாவோடு 3 ராத்திரி: டென்ட்டா, கேபினா, வெளியே மோட்டலா?

டப்ளின்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் ஊரிலிருந்து இங்கே கலிபோர்னியாவுக்கு அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஜூன் முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்று நினைத்திருக்கிறோம். மொத்தம் 6 பேர்: நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், அப்பா (71), அம்மா (66). அப்பா நன்றாக நடப்பார். அம்மாவுக்கு முட்டி வலி. சமதளம் என்றால் ஒரு மைல் நடந்துவிடுவார், படிக்கட்டைக் கண்டால் நின்றுவிடுவார். இரண்டு பேரும் சைவம். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒரு வேளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது.

எங்களிடம் பெரிய டென்ட் ஒன்று இருக்கிறது. மகள் அதில்தான் தூங்குவேன் என்று இப்போதிலிருந்தே அடம். மனைவிக்குப் பூங்காவுக்கு வெளியே ஓக்ஹர்ஸ்ட் என்ற ஊரில் ஒரு மோட்டல் பிடித்திருக்கிறது: காலைச் சிற்றுண்டி உண்டு, உள்ளே இருக்கும் விடுதிகளோடு ஒப்பிட்டால் பாதி விலைதான். எனக்கு இரண்டுக்கும் நடுவாக, பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் கரி வில்லேஜில் கித்தான் கேபின் எடுக்கலாமா என்று தோன்றுகிறது. அப்பாவிடம் கேட்டேன், "உங்களுக்கு எது தோதோ அதைப் பாருங்கப்பா" என்கிறார். வயதானவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

அண்ணா, அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்டு கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஒரு இடத்துக்கு 36 டாலர்தான், 6 பேர் வரை தங்கலாம், உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது. ஹேப்பி ஐல்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். வெர்னல் அருவிக்கு ஏறும் மிஸ்ட் டிரெயில் அங்கேதான் தொடங்குகிறது. காலை 6 மணிக்கே ஏற ஆரம்பித்தால் கூட்டம் வருவதற்குள் வெர்னல் அருவியின் தலைக்குப் போய்விடலாம். ஜூனில் பனி உருகி வரும் தண்ணீர், சாரலில் முழுக்க நனைவீர்கள். யோசெமிட்டி அருவி 2,425 அடி. அதையும் ஜூனில்தான் பார்க்க வேண்டும், ஆகஸ்டில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வரலாம்.

மோட்டல் வேண்டவே வேண்டாம். இவ்வளவு தூரம் போய் டிவி இருக்கிற அறையில் தூங்கவா? முடிந்தால் ஒரு ராத்திரி மேலே மலையில் இருக்கிற டுவாலமி மெடோஸிலும் டென்ட் போடுங்கள், அங்கே போகிற டியோகா சாலை அதற்குள் திறந்திருந்தால். நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

---

ஃப்ரீமாண்ட் தாத்தா எழுதியது:

தம்பி, இங்கே நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. உங்கள் கேள்வியில் வரும் அப்பாவின் இடத்தில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மகன் ஃப்ரீமாண்டில் இருக்கிறான். நாங்கள் வரும்போதெல்லாம் எங்களை ஏதாவது ஒரு மலைக்குக் கொண்டுபோய் விடுவது அவனுக்குப் பழக்கம். யோசெமிட்டியில் டென்ட், கித்தான் கேபின், வெளியே மோட்டல், வாடகை வீடு எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்தாயிற்று.

முதலில் ஒன்று. அப்பாவிடம் கேட்டேன் என்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோருமே அந்தப் பதிலைத்தான் சொல்வோம். பிள்ளை லீவு போடுகிறான், பணம் செலவழிக்கிறான், வாயைத் திறந்து ஒரு குறை சொல்லக் கூடாது என்று ஊரிலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறோம். ஆகவே வேறு மாதிரி கேளுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள்? தரையில் படுத்தால் பிடிமானம் இல்லாமல் எழுந்திருக்க முடியுமா? இதற்கு அப்பாவிடமிருந்து ஒழுங்கான பதில் வரும், ஏனென்றால் இதில் பிள்ளையின் மனம் நோக ஒன்றும் இல்லை.

அடுத்து, இங்கே எல்லோரும் ராத்திரி எங்கே தூங்குவது என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை பெரியவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். நீங்களும் மகளும் வெர்னல் அருவிக்கு ஏறப் போகிறீர்கள். அதில் கருங்கல் படி மட்டும் 600-க்கு மேல் இருக்கிறது, எல்லாம் ஈரம். அம்மா வரமாட்டார். போய் இறங்கி வர அரை நாள் ஆகும். அந்த அரை நாள் அம்மா என்ன செய்வார்? ஒரு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சின்னவனைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் வீட்டு அம்மாள் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். மத்தியானம் ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம், பக்கத்தில் கழிப்பறை, ஒரு டம்ளர் காப்பி போட வழி. இவ்வளவு இருந்துவிட்டால் பெரியவர்களுக்கு யோசெமிட்டி சொர்க்கம்தான். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய அருவி கொட்டினாலும் கார் எப்போது கிளம்பும் என்பதிலேயே மனம் இருக்கும்.

இந்தக் கணக்கில் ஓக்ஹர்ஸ்ட் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. மோட்டல் அறையைக் குறை சொல்ல முடியாது: மெத்தை, வெந்நீர், லிஃப்ட் எல்லாம் இருந்தது. ஆனால் அங்கிருந்து யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு ஒன்றரை மணி நேரம், வளைவுக்கு மேல் வளைவு. பின் சீட்டில் நடுவில் உட்காருகிறவருக்கு வாந்தி நிச்சயம். எங்கள் வீட்டில் அந்த இடம் எனக்குத்தான். காலைச் சிற்றுண்டியைச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பி உள்ளே போய்ச் சேரும்போது வண்டி நிறுத்த இடம் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்தால் கார் சீட்டைச் சாய்த்துப் படுக்க வேண்டியதுதான். சாயங்காலம் மறுபடி ஒன்றரை மணி நேரம். பாதி விலை என்று உங்கள் மனைவி சொல்வது உண்மை, ஆனால் பாதி நாள் ரோட்டில் போய்விடும். மாரிப்போசா ராட்சத மரக்கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரே ராத்திரி தங்கி மறுநாள் வீடு திரும்புகிறவர்களுக்கு ஓக்ஹர்ஸ்ட் சரி. 3 ராத்திரிக்குச் சரிவராது.

வெளியேதான் தங்க வேண்டும் என்றால் எல் போர்ட்டல் பாருங்கள். 140-ஆம் சாலையில், பூங்கா வாசலை ஒட்டிய ஊர், பள்ளத்தாக்குக்கு அரை மணி நேரம். சில விடுதி அறைகளில் சின்னச் சமையல் மேடையே இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மெர்செட் ஆறு. பள்ளத்தாக்கைவிட நல்ல தாழ்வில் இருப்பதால் வெயில் காலத்தில் சூடு தெரியும், அது நமக்கு ஒரு பொருட்டில்லை.

இனி டென்ட். மலைப்பாதை தம்பி சொன்ன அப்பர் பைன்ஸ் நல்ல இடம்தான். சமதரை, மர நிழல், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறை. குளிக்க மட்டும் கரி வில்லேஜ் வரைக்கும் போக வேண்டும். ஆனால் ஜூன் தொடக்கத்தில் ராத்திரி 8, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில், தூக்கத்தில், ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து உருவி வெளியே வந்து, டென்ட் ஜிப்பைத் தேடித் திறந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, குரங்குக் குல்லாயோடு 100 அடி நடந்து போய் வர வேண்டும். ஒரு தடவை என்றால் அனுபவம். 3 தடவை என்றால் தண்டனை. என் வயதுக்காரர்கள் இதற்குப் பயந்து சாயங்காலம் 5 மணியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம், மறுநாள் தலைவலி வரும், அதற்கு மலையைக் குறை சொல்வோம். டென்ட்தான் என்று முடிவானால் பெரியவர்கள் இருவருக்கும் மடக்குக் கட்டில் வாங்கிவிடுங்கள். காற்றடித்த மெத்தை வேண்டாம், ஒருவர் புரண்டால் மற்றவர் எழுந்துவிடுவார். புக் செய்யும்போது வரைபடத்தில் கழிப்பறை எங்கே என்று பார்த்து, அதற்கு இரண்டு மூன்று இடம் தள்ளி எடுங்கள். ஒட்டியே எடுத்தால் ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தம்.

அப்புறம் கரடி. வாசனை உள்ள எதையும் ராத்திரி காரிலோ டென்ட்டிலோ வைக்கக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும், உள்ளே 33 அங்குல ஆழம், 45 அகலம், 18 உயரம். உணவு மட்டும் அல்ல: சோப்பு, பற்பசை, பவுடர், குப்பை, காலியாக இருந்தாலும் ஐஸ் பெட்டி, கழுவாத பாத்திரம் எல்லாம் அதற்குள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம் என்று பயமுறுத்துகிறார்கள். எங்கள் சாமான் எப்படி என்று சொல்ல வேண்டுமா? புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, நல்லெண்ணெய், பெருங்காய டப்பா. கலிபோர்னியாக் கரடி ஆயுசில் முகராத வாசனை அத்தனையும் ஒரே பெட்டியில். மகன் அமிர்தாஞ்சனத்தையும் வாங்கி உள்ளே போட்டுப் பூட்டிவிட்டான். நடுராத்திரி என் மனைவிக்குத் தலைவலி. குக்கரை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தைலத்தைத் தேடினோம்.

கரி வில்லேஜ் கித்தான் கேபினில் கட்டில் உண்டு, கதவு உண்டு, சிலவற்றில் ஹீட்டர் உண்டு. கழிப்பறை பொது. இதெல்லாம் பரவாயில்லை. ஆனால் அங்கே சமைக்கக் கூடாது. அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஆகாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அத்தோடு இதை விட்டுவிடலாம். பீட்சாவில் இரண்டு வேளை ஓடும், மூன்றாம் வேளை அம்மா "பசிக்கலப்பா" என்பார். அதையும் நம்ப வேண்டாம். (இணையத்தில் பழைய பதிவுகளில் ஹாஃப் டோம் வில்லேஜ் என்று வந்தால் குழம்பாதீர்கள். 2016-லிருந்து 2019 வரை பெயர் வழக்கு ஒன்றில் கரி வில்லேஜை அப்படித்தான் அழைத்தார்கள்.)

நான் சொல்ல வந்தது ஹவுஸ்கீப்பிங் கேம்ப். உங்கள் பட்டியலில் அது இல்லையே என்றுதான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். பள்ளத்தாக்கின் நடுவே, மெர்செட் ஆற்றங்கரையில் இருக்கிறது. மூன்று பக்கம் கான்கிரீட் சுவர், கான்கிரீட் தரை, மேலே கித்தான் கூரை, நான்காவது பக்கத்துக்குத் திரை. உள்ளே ஒரு பெரிய கட்டில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குக் கட்டில், கூடுதல் மடக்குக் கட்டில் போட்டால் 6 பேர் வரை படுக்கலாம். விளக்கும் மின்சாரப் பிளக்கும் உண்டு. திரைக்கு வெளியே கூரை போட்ட திண்ணை மாதிரி இடம், மேசை, அடுப்புக் குழி, கரடிப் பெட்டி. கேஸ் ஸ்டவ் வைத்துச் சமைக்கலாம். குளியலறையும் துணி துவைக்கும் இடமும் வளாகத்துக்குள்ளேயே. பார்ப்பதற்கு அழகாக இருக்காது, கல்யாண மண்டபத்தின் பின்கட்டு போலத்தான் இருக்கும். ஆனால் காலையில் திரையை விலக்கிவிட்டுத் திண்ணையில் உப்புமா கிண்டிக்கொண்டிருக்க, ஆற்று மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஹாஃப் டோம் மலை, இன்னொரு பக்கம் யோசெமிட்டி அருவி. அஹ்வானி ஹோட்டலில் 1927-லிருந்து பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் காசை இறைத்துவிட்டுப் பார்க்கும் அதே மலைதான்.

நீங்கள் மிஸ்ட் டிரெயிலுக்குப் போங்கள். அம்மா சமைத்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, காப்பி குடித்து, அப்பாவோடு இலவசப் பேருந்தில் ஏறி யோசெமிட்டி அருவியின் கீழ்ப்பகுதியான கீழ் அருவிக்குப் போய் வரட்டும். கிழக்குப் பக்கமாகப் போனால் சக்கர நாற்காலி போகிற மாதிரித் தார்ப்பாதை, படியே கிடையாது. ஆண்பிள்ளைகளை எதிர்பார்க்காமல் தானே ஓரிடம் போய் வந்த சந்தோஷம் என் மனைவிக்கு அங்கேதான் கிடைத்தது. அமெரிக்காவில் உங்களுக்கு அது புரியாது, காரோட்டத் தெரிந்தவர்கள் நீங்கள்.

மலைப்பாதை தம்பிக்கு ஒன்று: டுவாலமி மெடோஸ் 8,600 அடி. ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சி. அங்கே பகலில் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவது வேறு, பி.பி. மாத்திரை போடுகிறவர் அந்த உயரத்தில் டென்ட்டுக்குள் படுத்துத் தூங்குவது வேறு. பள்ளத்தாக்கு 4,000 அடிதான், அங்கே மூச்சு வாங்காது.

---

ராஜி சாக்ரமெண்டோ எழுதியது:

ஐயா எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "இப்பவாவது ஒருத்தர் சொன்னாரே" என்கிறார். இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமல் போயிற்று.

டப்ளின்வாசி அண்ணா, புக்கிங் பற்றிச் சிலது. கேம்ப்கிரவுண்டு ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி காலை 7 மணிக்குத் திறக்கும். மே 15 முதல் ஜூன் 14 வரைக்குமான நாட்கள் ஜனவரி 15 அன்று. 7 மணி 1 நிமிடத்துக்கு உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. 10 நிமிடம் முன்பே உள்ளே நுழைந்து, கார்டு விவரம் எல்லாம் சேமித்து வைத்து, நீங்களும் அக்காவும் ஆளுக்கொரு கணினியில் உட்காருங்கள். சட்டென்று கிடைத்ததை எடுங்கள், பிடித்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தால் போய்விடும். ஐயா சொன்ன கழிப்பறைத் தூரம் பார்க்கிற வேலையை முந்தின நாளே முடித்து, எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஹவுஸ்கீப்பிங், கரி வில்லேஜ், லாட்ஜ் எல்லாம் வேறு தளம், அங்கே 366 நாள் முன்பே திறந்துவிடும். ஆகவே ஜூனுக்கு இப்போது பார்த்தால் வெள்ளி சனி எதுவும் இருக்காது. ஞாயிறு மாலை போய் புதன் திரும்புகிற மாதிரி தேடுங்கள். முன்பதிவை ரத்து செய்கிறவர்கள் உண்டு, தினமும் காலையிலும் ராத்திரியும் ஒரு தடவை பாருங்கள்.

பணம் பற்றி ஒன்று, பெற்றோர் வருகிறார்கள் என்பதால். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர். அவர்களுக்கான ஆண்டு பாஸ் 250 டாலர். கிராண்ட் கேன்யன், ஜயான் எல்லாம் அந்த 11-இல் வருகின்றன, இந்தப் பயணத்திலேயே அங்கேயும் கூட்டிப் போவீர்களானால் பாஸ் கட்டுபடியாகலாம். வாசலில் போய் அதிராமல் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் காதில் தொகை விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

வழி: உங்கள் ஊரிலிருந்து கூகுள் 120-ஆம் சாலையைத்தான் காட்டும். க்ரோவ்லண்டுக்கு முன்னால் பழைய பிரீஸ்ட் கிரேடு என்று செங்குத்தான குறுக்குவழி ஒன்று வரும், அதில் ஏறாமல் புதிய பிரீஸ்ட் கிரேடு வழியாகப் போங்கள். வாந்தி வருகிறவர்கள் இருந்தால் மெர்செட் போய் 140 பிடிப்பது இன்னும் நல்லது. கடைசிப் பகுதி ஆற்றோடு ஒட்டியே போகும் சாலை, அங்கே ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. 2006-இல் மலைச்சரிவு மூடிய இடத்தில் ஒருவழிப் பாலத்துக்கு சிக்னலில் சிறிது நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளத்தாக்குக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, நிரப்பிக்கொண்டு போங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

தாத்தா, தொட்டபெட்டாவில் நிறுத்திவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஹவுஸ்கீப்பிங்கில் அடுத்த அறையின் குறட்டை, அதற்கடுத்த அறையின் பாட்டு எல்லாம் கேட்கும். காட்டுக்குப் போன மாதிரியே இருக்காது. என் ஓட்டு இன்னும் அப்பர் பைன்ஸுக்குத்தான்.

---

டப்ளின்வாசி எழுதியது:

ஐயா, மிகவும் நன்றி. நீங்கள் சொன்ன மாதிரியே ராத்திரி எத்தனை தடவை என்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "ரெண்டு, மூணு" என்றார். அம்மா போனைப் பிடுங்கி, "நாலுப்பா" என்றார். டென்ட் ரத்து.

ஹவுஸ்கீப்பிங் படங்களைப் பார்த்தோம். மனைவிக்கு அந்தத் திரைதான் இடிக்கிறது. கதவு இல்லாமல் பிள்ளைகளோடு எப்படித் தூங்குவது, கரடியோ மனிதரோ உள்ளே வந்துவிட்டால் என்கிறாள். சின்னவன் ஆற்றைக் கண்டால் ஓடுவான், அது வேறு பயம். அம்மாவுக்கு லேசாக மூச்சிரைப்பு உண்டு, குளிர் அதிகமானால் வரும். வீடு எதையாவது வாடகைக்கு எடுக்கலாமா?

---

ஃப்ரீமாண்ட் தாத்தா எழுதியது:

மூச்சிரைப்பு என்றால் நான் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது, தம்பி. நல்ல வேளை எழுதினீர்கள். ஹவுஸ்கீப்பிங்கில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் புகை. கோடையில் பள்ளத்தாக்கில் விறகு எரிப்பதற்கு மாலை 5 மணியிலிருந்து இரவு 10 வரைக்கும்தான் அனுமதி. அந்த 5 மணி நேரமும் எல்லா அறை வாசலிலும் ஒரே சமயத்தில் அடுப்பு எரியும். மேலே கித்தான், முன்னால் திரை, புகையைத் தடுக்க ஒன்றும் கிடையாது. கண் எரிச்சலோடு எங்களுக்குப் போயிற்று. மூச்சிரைப்பு உள்ளவருக்கு அது சரிவராது. அப்பர் பைன்ஸிலும் இதே கதைதான், ஆகவே மலைப்பாதை தம்பி சந்தோஷப்பட வேண்டாம்.

திரை பற்றி உங்கள் மனைவி கேட்டது நியாயம். உணவு முழுவதும் பெட்டிக்குள் இருந்தால் கரடிக்கு உள்ளே ஒரு வேலையும் இல்லை, அணில்களும் ரக்கூன்களும்தான் தொல்லை. துணி மாற்றுவதற்குக் குளியலறைக்குத்தான் போக வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி, பெரும்பாலும் அடங்கிவிடுகிறார்கள். ஆறு பற்றிய பயம் சரியான பயம். ஜூனில் அது பனி உருகி ஓடும் தண்ணீர், பார்க்கச் சாதுவாக இருக்கும், முழங்கால் ஆழத்திலேயே பெரிய ஆளைத் தள்ளிவிடும். தாமிரபரணியில் நீந்தி வளர்ந்த நானே காலை மட்டும் நனைத்துவிட்டு ஏறிவிட்டேன். 4 வயதுப் பையனோடு ஆற்றங்கரை வரிசையில் அறை எடுக்காதீர்கள், உள்வரிசை போதும்.

வீடு என்றால் யோசெமிட்டி வெஸ்ட் என்று தேடுங்கள். அது பூங்கா வாசலுக்கு உள்ளே போய்த்தான் வர முடிகிற ஒரு சின்னக் குடியிருப்பு, தனியார் வீடுகள். பள்ளத்தாக்குக்கு அரை மணி நேரம், கிளேசியர் பாயிண்ட் சாலை பிரியும் இடம் கிட்டத்திலேயே இருக்கிறது. முழுச் சமையலறை, கதவு, ஹீட்டர், அறைக்குள்ளேயே கழிப்பறை. வவோனாவிலும் இப்படி வீடுகள் உண்டு, அங்கிருந்து பள்ளத்தாக்குக்குத் தூரம் கொஞ்சம் அதிகம். (வவோனாவில் இருக்கும் பழைய மர ஹோட்டலை 2024 டிசம்பரில் பழுதுபார்க்க மூடினார்கள். அதன் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள்.) விலை கூடுதல்தான், இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் தலைக்குக் குறையும். நாங்கள் மகனுடைய சிநேகிதன் குடும்பத்தோடு எடுத்தோம். அவன் தாயாரும் என் மனைவியும் மதுரைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் என்று சாம்பாருக்குச் சண்டை போட்டுக்கொண்டே மூன்று நாளும் சமைத்துப் போட்டார்கள்.

ஆனால் வீட்டில் தங்கினால் நான் முதலில் சொன்ன பகல் கணக்கு கொஞ்சம் இடிக்கும். அம்மா களைத்துப்போனால் அரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து விட வேண்டும், அங்கே பேருந்து கிடையாது. நாங்கள் செய்தது: ஒரு நாள் இளசுகள் மலையேறப் போக, பெரியவர்கள் அன்றைக்கு வீட்டை விட்டே கிளம்பவில்லை. மறுநாள் எல்லோரும் சேர்ந்து பள்ளத்தாக்கு, காலை 8 மணிக்கெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு, குக்ஸ் மெடோ புல்வெளி, கீழ் அருவி, பிரைடல்வெயில் அருவி என்று சமதளமாகப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. அந்த மெடோ மரப்பலகைப் பாதையில் அம்மா தாராளமாக நடப்பார். கிளேசியர் பாயிண்ட் சாயங்காலத்துக்கு. வண்டி மேலேயே போகும், இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஹாஃப் டோம் முகத்துக்கு நேரே நிற்கும்.

மகளின் டென்ட் ஆசைக்கு, அந்தத் தளத்தில் 15-ஆம் தேதி முயற்சி செய்து ஒரே ஒரு ராத்திரி கிடைத்தால் எடுங்கள். நீங்களும் அவளும் மட்டும் போய்ப் படுங்கள்.

---

ராஜி சாக்ரமெண்டோ எழுதியது:

யோசெமிட்டி வெஸ்டில் எடுக்கும்போது விளம்பரத்தில் மாடிப்படி எத்தனை என்று பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. மலைச்சரிவில் கட்டிய வீடுகள், சிலவற்றில் ரோட்டிலிருந்து வாசலுக்கே ஒரு மாடி ஏறவோ இறங்கவோ வேண்டும். படுக்கையறை ஒரு தளத்தில், சமையலறை ஒரு தளத்தில் இருக்கும். படம் போடுகிறவர்கள் பால்கனியைத்தான் போடுவார்கள். அம்மாவின் முட்டிக்கு, படுக்கை, கழிப்பறை, சமையல் மூன்றும் ஒரே தளத்தில் இருக்கிறதா என்று வீட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

---

டப்ளின்வாசி எழுதியது:

ஒரு வீடு கிடைத்தது, கீழ்த்தளத்திலேயே எல்லாம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு முதல் புதன் வரை. என் அலுவலக நண்பர் குடும்பமும் சேர்ந்துகொள்கிறது, அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் ஊரிலிருந்து அதே சமயம் வருகிறார்கள். ராஜி, வாசல் கட்டண விஷயத்தை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

15-ஆம் தேதி காலை 7 மணிக்கு மகளையும் எழுப்பி உட்கார வைக்கிறேன். மலைப்பாதை தம்பி, ஒரு இடம் கிடைத்துவிட்டால் அந்த ராத்திரிக்கு எங்கள் இரண்டு பேருக்குச் சின்ன டென்ட் ஒன்று இரவல் கிடைக்குமா? எங்களுடையது பெரிது, அதைப் போட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

---

மலைப்பாதை எழுதியது:

தாராளமாக அண்ணா. நான் லிவர்மோரில்தான் இருக்கிறேன். மடக்குக் கட்டில் மட்டும் கேட்காதீர்கள், என்னிடம் இல்லை.